ஏரிக்கு ஏன் வனவிலங்குச் சரணாலயம் என்று பெயர்?

புதுச்சேரியில் பத்துக்கண்ணு பக்கமாகப் போய் ஊசுட்டேரிக் கரையில் வண்டியை நிறுத்தியதும் அக்கா மகன் முதலில் பார்த்தது அங்கிருந்த பலகையைத்தான். ஆறாம் வகுப்புப் படிக்கிறான். எந்தப் பலகையைக் கண்டாலும் முழுசாகப் படித்துவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பான். "வனவிலங்கு சரணாலயம்னு போட்டிருக்கு மாமா. வனம் எங்க? விலங்கு எங்க?" என்றான். எதிரே தண்ணீர்தான் இருந்தது. தூரத்தில் கறுப்புப் புள்ளிகளாக நாமக்கோழிகள். பட்டமரக் கிளை ஒன்றில் பாம்புத்தாரா இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. புலியை எதிர்பார்த்து வந்த பையனுக்கு முகம் வாடிவிட்டது.

அவன் கேட்டது நியாயமான கேள்வி. பெரியவர்களில் பலருக்கும் இது சரியாகத் தெரியாது. அன்று கரையில் உட்கார்ந்து அவனுக்குச் சொன்னதையும், நேரமில்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பெயர். காட்டுயிர்களுக்காக நம் நாட்டில் இருக்கும் முக்கியச் சட்டம், 1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். வனவிலங்கு என்றால் புலியும் யானையும் மட்டும் என்று அதில் எங்கும் சொல்லவில்லை. ஒரு வாழிடத்தைச் சேர்ந்த எந்த உயிரினமும் அதற்குள் வரும். நீரிலும் நிலத்திலும் வளரும் செடிகொடிகளும் வரும். அந்தக் கணக்கில் ஊசுட்டேரி நாமக்கோழி வனவிலங்கு. அது கூடு கட்டும் கோரையும் அப்படியே. "கோரைப்புல்லு விலங்கா மாமா?" என்று சிரித்தான். தமிழில் விலங்கு என்றாலே நாலு கால் நினைவுக்கு வருவதால் வரும் குழப்பம் இது. காட்டுயிர் என்று எழுதினால் பாதிக் குழப்பம் தீரும். ஆனால் அரசுப் பலகைகளில் பழைய சொல்தான் நிலைத்திருக்கிறது.

சரி, சரணாலயம்? சரண் புகும் இடம். வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குப் போயிருப்பீர்கள். அங்கே மிருகம் அடைப்புக்குள் இருக்கும், நாம் நடந்து நடந்து பார்ப்போம். தீவனம், மருத்துவம் எல்லாம் மனிதர் கையில். சரணாலயத்தில் யாரும் தீனி போடுவதில்லை. பறவை வரலாம், போகலாம், முட்டையிடலாம், பருந்துக்கு இரையாகலாம். கட்டுப்பாடெல்லாம் நமக்குத்தான். வேட்டை கூடாது, தீ வைக்கக் கூடாது, அனுமதியில்லாமல் ஆயுதத்தோடு நுழையக் கூடாது, வாழிடத்தைக் கெடுக்கக் கூடாது. இவற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. உள்ளே வரும் தண்ணீரையோ வெளியே போகும் தண்ணீரையோ அனுமதியின்றித் தடுக்கவோ திருப்பவோ கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஏரிச் சரணாலயத்துக்கு உயிர்நாடி அதுதான். சங்கராபரணி ஆற்றிலிருந்து வாய்க்கால் வழியாக வரும் தண்ணீர் நின்றுபோனால், எத்தனை காவலர் நின்றாலும் ஊசுட்டேரியில் ஒரு வாத்துகூட இறங்காது.

எதற்காக இத்தனை கட்டுப்பாடு? நம் ஊர் விவசாயிக்கு இதை ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம்: விதைநெல். வீட்டில் எவ்வளவு தட்டுப்பாடு வந்தாலும் விதைக்கோட்டையில் கை வைக்க மாட்டார்கள். அதைக் குத்திப் பொங்கிவிட்டால் அடுத்த பட்டத்துக்கு எதுவும் இல்லை. ஒரு பறவையோ விலங்கோ நாடு முழுக்கக் குறைந்துகொண்டே வரும்போது, இங்கேயாவது இது குஞ்சு பொரித்துப் பெருகட்டும் என்று ஒதுக்கி வைக்கும் விதைக்கோட்டைதான் சரணாலயம்.

ஊசுட்டேரியில் ஒரு விசேஷம் உண்டு. சுமார் 800 ஹெக்டேர் பரப்புள்ள இந்த ஏரியில் ஏறக்குறைய பாதி புதுச்சேரிக்குச் சொந்தம், மீதி தமிழ்நாட்டில் விழுப்புரம் மாவட்டத்துக்கு. புதுச்சேரி அரசு தன் பங்கை 2008-இல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவித்தது. சில ஆண்டுகள் கழித்துத் தமிழ்நாடு அரசு தன் பக்கத்தைப் பறவைகள் சரணாலயம் ஆக்கியது. இடையில் இருந்த அந்த ஆண்டுகளை நினைத்துப் பாருங்கள். ஒரே தண்ணீரில் இந்தப் பக்கம் நீந்தும் வாத்துக்குச் சரணாலயத்தின் காவல் இருந்தது. நூறு அடி மேற்கே போனால் அந்தக் காவல் இல்லை. எல்லை எங்கே என்று வாத்துக்கு யார் சொல்வது? சரணாலயம் என்பதைப் புரிந்துகொள்ள இந்த ஏரியைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியவில்லை. கோடு போடுவது நாம். உயிரினம் அதன் தேவைப்படி நகரும்.

ஓர் இடத்தை இப்படி ஒதுக்கி வைப்பது நமக்குப் புதிய பழக்கமும் அல்ல. புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில் வரும். கோயிலைச் சுற்றி இருக்கும் காடு, ஒரு காலத்தில் இந்தக் கரையோரம் நெடுக இருந்த உலர் பசுமைக்காட்டின் மிச்சம். சுற்றுப்புறமெல்லாம் சவுக்குத் தோப்பாகவும் முந்திரிக் காடாகவும் மனையாகவும் மாறியபோதும் அது நின்றதற்குக் காரணம் அய்யனார் மேல் இருந்த பயமும் பக்தியும்தான். சாமி காட்டில் சுள்ளி ஒடித்தாலும் ஆகாது என்பார்கள்.

வேடந்தாங்கல் கதையும் ஏறக்குறைய இப்படித்தான். நாரைகளும் கூழைக்கடாக்களும் கொக்குகளும் ஏரி நடுவே உள்ள மரங்களில் கூடு கட்டும். அவற்றின் எச்சம் விழுந்த தண்ணீர் வயலுக்குப் பாயும், பயிர் செழிக்கும். அந்த ஊர்க்காரர்களுக்கு இது பாட்டன் காலத்திலேயே தெரியும். யாராவது துப்பாக்கியோடு வந்தால் ஊரே திரண்டு எதிர்க்கும். 1798-இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், ஊராரின் இந்த உரிமையை ஏற்றுக்கொண்டார். வனவிலங்குச் சட்டம் வருவதற்கு 174 ஆண்டுகளுக்கு முன்பு! பிறகு சட்டப்படி சரணாலயம் என்று 1998-இல் அறிவித்தபோது ஏரியோடு நிறுத்தாமல் சுற்றிலும் 5 கிலோமீட்டரைச் சேர்த்து எல்லை வகுத்தார்கள். ஏரி சுமார் 30 ஹெக்டேர்தான். ஆயிரக்கணக்கான பறவைகள் அதில் கூடு கட்டலாம், ஆனால் அத்தனைக்கும் அதில் இரை கிடைக்காது. நத்தைக்கும் தவளைக்கும் மீனுக்கும் அவை சுற்றியுள்ள ஏரிகளுக்கும் வயல்களுக்கும்தான் போயாக வேண்டும். படுக்கையறையை மட்டும் காத்துவிட்டு அடுப்படியை இடித்தால் குடும்பம் எப்படி இருக்கும்?

இங்கே சில சொற்களைப் பிரித்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் செய்தித்தாள்களிலேயே இவை கலந்துகட்டி வருகின்றன. காப்புக்காடு என்பது வனத்துறையின் பாதுகாப்பில் உள்ள காட்டு நிலம். சரணாலயம் அதைவிடக் கண்டிப்பானது. ஆனால் உள்ளே இருக்கும் மக்களின் சில உரிமைகள் தொடர அதில் இடமுண்டு. தேசியப் பூங்காவில் அந்த இடமும் கிடையாது. மாடு மேய்க்கக்கூட முடியாது. கிண்டியில் இருப்பது தேசியப் பூங்கா. முதுமலை 1940-இல் சரணாலயமாகத் தொடங்கி, பிறகு புலிகள் காப்பகமும் ஆனது.

நம் கடலூர் மாவட்டத்துப் பிச்சாவரம்? படகில் போய்ச் சுற்றிவிட்டு வருபவர்கள் அதைச் சரணாலயம் என்றே சொல்கிறார்கள். அது காப்புக்காடு. 2022-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. ராம்சார் என்பது ஈரானில் ஓர் ஊர். ஈரநிலங்களைக் காக்க 1971-இல் அங்கே உலக நாடுகள் ஓர் உடன்படிக்கை செய்தன. அந்தப் பட்டியலில் சேர்வது பெரிய மரியாதை, கூடவே பொறுப்பு. ஆனால் ராம்சார் இடம் என்பதும் சரணாலயம் என்பதும் ஒன்றல்ல. சரணாலயம் என்ற பெயர் இல்லாததால் பிச்சாவரம் மட்டமாகிவிடவும் இல்லை. சுரபுன்னையும் கண்டலும் தில்லையும் அடர்ந்த அந்தக் காட்டின் வேர்களுக்கிடையேதான் இறாலும் நண்டும் மீன்குஞ்சும் வளர்கின்றன. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த மரம் இன்று சிதம்பரத்துக்காரர்களில் எத்தனை பேருக்கு அடையாளம் தெரியும்? பிச்சாவரம் போனால் படகோட்டியிடம் கேளுங்கள், காட்டுவார். கிளையை மட்டும் ஒடித்துவிடாதீர்கள். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

சரணாலயம் அறிவிப்பது ஒரே நாளில் கையெழுத்துப் போட்டு முடிகிற வேலை இல்லை. இந்த இடத்தைச் சரணாலயம் ஆக்க நினைக்கிறோம் என்று அரசு முதலில் ஓர் அறிவிக்கை வெளியிடும். அதன்பின் கலெக்டர், அந்த நிலத்தில் யாருக்கு என்ன உரிமை என்று விசாரிக்க வேண்டும். பட்டா உள்ளவர் இருப்பார். பட்டா இல்லாமலே தலைமுறை தலைமுறையாக மீன் பிடித்தவர், கோரை அறுத்தவர், ஆடு மேய்த்தவர் இருப்பார்கள். இவற்றையெல்லாம் கேட்டு முடிவு செய்த பிறகுதான் இறுதி அறிவிக்கை வர வேண்டும்.

மரக்காணம், வானூர் வட்டங்களில் பரந்து கிடக்கும் கழுவெளியை எடுத்துக்கொள்ளுங்கள். தென்னிந்தியாவில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி. 2021 டிசம்பரில் 5,151 ஹெக்டேருக்கு மேல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024-இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. குளிர்காலத்தில் வடக்கே வெகுதூரத்திலிருந்து கருவால் மூக்கன்களும் உள்ளான்களும் ஊசிவால் வாத்துகளும் இங்கே இறங்குகின்றன, பூநாரைகளும் வரும். அதே சேற்றில் இறங்கி மீன் பிடித்துத்தான் சுற்றியுள்ள ஊர்களில் பலர் வீட்டில் அடுப்பெரிகிறது. அவர்களைப் பகையாளி ஆக்கிவிட்டுப் பறவையைக் காப்பாற்ற முடியும் என்று நான் நம்பவில்லை. இரவில் பறவைக்கு எங்கே வலை விரிக்கிறார்கள், எந்த மாதம் எந்தத் திட்டில் முட்டை இருக்கும், எந்தக் கழிவு எந்த ஓடையில் வருகிறது என்று முதலில் தெரிவது அவர்களுக்குத்தான்.

இதற்கெல்லாம் பலன் உண்டா என்றால், உண்டு. அசாமில் காசிரங்காவைக் காப்புக்காடாக ஒதுக்கியபோது, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அங்கே ஒற்றைக்கொம்புக் காண்டாமிருகங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் மிஞ்சியிருந்தன. 2022 கணக்கெடுப்பில் 2,613. ஆசியச் சிங்கம் இன்று உலகத்திலேயே குஜராத்தின் கிர் காட்டிலும் அதைச் சுற்றியும்தான் இயற்கையாக வாழ்கிறது. 2025 கணக்கெடுப்பில் 891. சந்தோஷமான கணக்குதான். ஆனால் 2018-இல் அங்கே ஒரு வைரஸ் நோய் பரவி சில வாரங்களில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் செத்தன. விதைநெல் முழுவதையும் ஒரே கோட்டையில் கட்டி வைத்த வீட்டில் தீப்பொறி விழுந்த மாதிரி. ஓர் உயிரினத்துக்கு ஒரே சரணாலயம் போதாது என்று அறிஞர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

எல்லைக்குள் வைத்துக் காப்பாற்ற முடியாத ஆபத்துகளும் உண்டு. பாறு கழுகுகளுக்கு நேர்ந்ததுதான் அதில் கொடுமை. மாட்டுக்கு வலி தீரப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற மருந்து, செத்த மாட்டைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. வெண்முதுகுப் பாறு இந்தியாவில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் அழிந்தது. யாரும் சுடவில்லை, காட்டை வெட்டவில்லை. சரணாலயத்தில் கூடு கட்டிய பறவை, ஊருக்குள் கிடந்த மாட்டைத் தின்று செத்தது. 2006-இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். தமிழ்நாட்டில் இன்று பாறுகளைப் பார்க்க வேண்டுமென்றால் நீலகிரிப் பக்கம் மாயாறு பள்ளத்தாக்குக்குத்தான் போக வேண்டும்.

அதனால் அதே 1972 சட்டம் இரண்டு வழியில் காவல் போடுகிறது. ஒன்று இடத்துக்கு: சரணாலயம், தேசியப் பூங்கா. மற்றொன்று உயிரினத்துக்கு: அட்டவணைகள். முதல் அட்டவணையில் பெயர் இருந்தால் அந்த உயிரினம் காட்டில் இருந்தாலும் கடலில் இருந்தாலும் நம் கொல்லையில் இருந்தாலும் அதைத் தொடக்கூடாது. ஆலிவ் ரிட்லி என்கிற கடலாமை, நம் ஊர்ப் பேச்சில் பங்குனி ஆமை, முதல் அட்டவணையில் இருக்கிறது.

இந்த ஆமைக்காக ஒடிசாவில் 1997-இல் கஹிர்மாதா என்ற கடல் சரணாலயமே அறிவித்தார்கள். கடலூர்க் கரை சரணாலயம் இல்லை. படகுத்துறை, வலை காயும் மணல், வெள்ளிக் கடற்கரையில் பஜ்ஜிக் கடை, இத்தனைக்கும் நடுவில்தான் தையிலிருந்து பங்குனி வரை ஆமை ஏறுகிறது. ஜனவரி 30 பின்னிரவில் தாழங்குடா பக்கம் ஆமை முட்டைகளைக் காப்பதற்காகத் தேடிப் போனவர்களோடு நானும் போனேன். டார்ச்சை அடிக்கடி போடக்கூடாது என்று கிளம்பும்போதே சொல்லிவிட்டார்கள். ஈர மணலில் டிராக்டர் சக்கரம் ஏறி இறங்கியது போலத் தடம். தாய் ஆமை போய்விட்டிருந்தது. முட்டையிட்ட குழியை மூடி, தன் உடம்பாலேயே தட்டித் தட்டிச் சமப்படுத்திவிட்டுத்தான் அது கடலுக்குத் திரும்பும். கூட வந்த அண்ணன் ஒருவர் மெல்லிய குச்சியால் மணலை அங்கங்கே குத்திப் பார்த்தார். ஓரிடத்தில் குச்சி சடக்கென்று உள்ளே இறங்கியது. பிறகு கையாலேயே தோண்டினார். முழங்கை மூழ்கும் ஆழத்தில் வெள்ளை வெளேரென்று பிங்பாங் பந்து மாதிரி முட்டைகள். ஓடு கோழிமுட்டை போலக் கெட்டியாக இல்லை. விரல் பட்டால் லேசாக அமுங்குகிறது. உருட்டாமல், திருப்பாமல் ஒவ்வொன்றாக எண்ணி வாளியில் வைத்தார். நூற்றுப் பன்னிரண்டு.

நாயும் நரியும் ஆள்களும் தோண்டாத இடத்தில் இவற்றை மறுபடி புதைக்க வேண்டும். மூங்கிலும் வலையும் கட்டிய பொரிப்பகத்தில் அதே ஆழத்துக்குக் குழி எடுத்து, கூட்டிலிருந்து கொண்டுவந்த மணலையும் போட்டு மூடினார்கள். 45 முதல் 60 நாளில் குஞ்சு வரும். ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு தீர்மானிக்கிறது. சூடு கூடினால் பெண் குஞ்சு அதிகம். அத்தனை குஞ்சும் பிழைக்காது. ஆயிரத்தில் ஒன்று வளர்ந்து பெரிதானால் அதிகம் என்பார்கள். அப்படி என்றால் வளர்ந்த ஆமை ஒவ்வொன்றும் எத்தனை விலை மதிப்பில்லாதது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அந்த வளர்ந்த ஆமைதான் வலையில் சாகிறது. ஆமைக்குச் செவுள் கிடையாது. மூச்சு விட அது மேலே வந்தாக வேண்டும். இழுவலையில் சிக்கி நெடுநேரம் அடியிலேயே இழுபட்டால் மூச்சடைத்துவிடும். 2025 ஜனவரியில் சென்னைக் கரைகளில் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கியதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அன்று கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவரிடம் இதைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். "எங்க வலையில உசுரோட வந்தா வலைய அறுத்து விட்டுருவோம் தம்பி. அதப் பாத்துக்கிட்டு சும்மா இருக்க முடியுமா? ஆனா அறுத்த வலைக்கு யாரு பதில் சொல்றது?" என்றார். மகாராஷ்டிரத்தில் இப்படி அறுத்த வலைக்கு அரசு ஈட்டுத்தொகை கொடுக்கிறது. எனக்கு அது மிக நியாயமாகப் படுகிறது. இழுவலைகளில் ஆமை மட்டும் வெளியேற வழி வைக்கும் கருவியும் இருக்கிறது. கொஞ்சம் மீனும் அதோடு போய்விடுமே என்ற கவலையால் அதைப் பலர் மாட்டுவதில்லை. அந்தக் கவலையைக் காது கொடுத்துக் கேட்காமல் அபராதம் மட்டும் போட்டால் அது வேலைக்கு ஆகாது.

நம் பங்குக்குச் செய்ய முடிந்தவை சின்னச் சின்னவை. கரையோர வீடுகளிலும் விடுதிகளிலும் தை முதல் பங்குனி வரை கடலைப் பார்த்த விளக்குகளை இரவில் அணைத்துவிடலாம். குஞ்சு வெளிச்சத்தைக் கடல் என்று நினைத்துச் சாலைப் பக்கம் ஊர்ந்துவிடுகிறது. கூடு கண்டால் தோண்டாமல் வனத்துறைக்குச் சொல்லலாம். குஞ்சு விடும்போது பார்க்கப் போனால் கையில் எடுத்துப் படம் பிடிக்காமல் நிற்கலாம். ஊசுட்டேரிக்கோ கழுவெளிக்கோ போகிறவர்கள் நவம்பர் முதல் பிப்ரவரி வரை, விடிந்ததும் போய்விடுங்கள். பளிச்சென்ற சட்டை வேண்டாம். பாட்டுப் போடாதீர்கள். ஓர் இருநோக்கி இருந்தால் நல்லது. இல்லையென்றாலும் கரையில் அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்தால் பறவைகள் தாமாகக் கிட்டே வரும். அன்று அப்படித்தான் புலியைக் கேட்டவன், பாம்புத்தாரா தண்ணீருக்குள் முங்கி, கழுத்தை மட்டும் பாம்பு போல நீட்டி எழுந்து, மீனை மேலே தூக்கிப் போட்டு விழுங்கியதைப் பார்த்து வாயைப் பிளந்தான்.

அடுத்த வாரம் அவனைப் பொரிப்பகத்துக்கும் கூட்டிப்போனேன். ஒவ்வொரு குழி மேலும் ஒரு குச்சியில் அட்டை செருகியிருக்கிறார்கள்: தேதி, எடுத்த இடம், முட்டை எண்ணிக்கை. 112 என்று எழுதிய அட்டை முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கைவிரலில் எண்ணினான். 45-ஆம் நாள் மார்ச் 16. "அப்ப பங்குனி பொறந்திருக்கும்ல மாமா?" என்றான். அன்று பள்ளிக்கூடம் இருந்தாலும் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறேன். அக்காவிடம் இன்னும் பேசவில்லை.